சோளம் காய்ச்சுகிறவள் அனுப்பிய போத்தல்

போத்தலைச் சுற்றியிருந்தது கடதாசி இல்லை, சோளப் பொத்தியின் காய்ந்த தோல். ஒன்றன் மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு தோல். அதே தோலைக் கிழித்துத் திரித்த கயிற்றால் ஒரு கட்டு. கண்டி மஹய்யாவ வீட்டு மேசையில் வைத்து அவிழ்த்தேன். வைக்கோலும் பாலும் கலந்தது போல ஒரு வாசம் வந்தது. ஒரு வருடமாக எனக்கு எந்த வாசமும் சரியாகப் பிடிபடவில்லை. டீசல், சாம்பிராணி, மழை எல்லாம் ஒன்றுதான். இது மட்டும் மூக்கில் ஏறியது. ஏறியதும், உன்னைக் கூப்பிட்டுக் காட்டத் திரும்பிவிட்டேன்.

உனக்கு வந்த போத்தல் இது. கென்டக்கியிலிருந்து. நீ இல்லாமல் போன செய்தி அங்கே போய்ச் சேரவில்லை. சேர்க்க வேண்டியவன் நான். சேர்க்கவில்லை.

அமெரிக்காவின் சோள விஸ்கி எங்கே காய்ச்சுகிறார்கள், யார் காய்ச்சுகிறார்கள் என்று கண்டியில் யாராவது கேட்டால், போன வருடம் வரை உன்னைத்தான் காட்டியிருப்பேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்தவள் இல்லை நீ. வாவிக்கு மேலே இருக்கிற அந்த ஹோட்டலின் கீழ்த் தளத்தில், பாருக்குப் போகும் போத்தல்களை எண்ணி எடுத்துக் கொடுக்கிற களஞ்சிய அறையில் உட்கார்ந்திருந்தாய். சுவருக்கு அந்தப் பக்கம் பொய்லர். மாதம் ஒரு தடவை அதைப் பார்க்க நான் வருவேன். நம் முதல் பேச்சு நினைவிருக்கிறதா? நான் நீராவியைத் திறந்துவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன். கதவில் நீ வந்து நின்றாய்.

"அண்ணே, அந்தச் சத்தத்த நீங்க நிப்பாட்டுறீங்களா, இல்ல நான் மொதல்லருந்து எண்ணவா?"

கல்யாணத்துக்குப் பிறகும் கோபம் வந்தால் "அண்ணே" என்றுதான் ஆரம்பிப்பாய். அதைக் கேட்டால் நான் சிரித்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும்.

உனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் போத்தல் வந்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தை வாசிப்பாய். "முன்பக்கம் விக்கிறவங்க பேசுறது. காச்சினவங்க இருந்தா பின்னாலதான் இருப்பாங்க" என்பாய். பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். ஒரு கம்பனியின் பெயரும் ஊரும் இருக்கும். "இதுலயும் ஆள் இல்ல" என்று சொல்லி அலுமாரித் தட்டில் வைப்பாய். எனக்கு அது வேடிக்கை. என் பொய்லரின் பின்னாலும் ஒரு தகடு இருக்கிறது, உற்பத்தி இலக்கமும் அழுத்தமும் எழுதியிருக்கும். அதை யார் ஒட்டவைத்தார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

சோள விஸ்கிதான் உன்னைப் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வாவிக்கரைச் சுவரோரமாக நடந்து வரும்போது அதையே சொல்லிக்கொண்டு வருவாய்.

"சட்டமே அப்பிடித்தாங்க. நூத்துக்கு எம்பது பங்காவது சோளமா இருக்கணும். வருசக்கணக்கா பீப்பாயில போட்டு வெக்கணும்னு கட்டாயம் இல்ல. காச்சி எடுத்தா தண்ணி மாதிரி நிக்கும். நெறமும் இல்ல, மரத்து வாசமும் இல்ல. ஒளிக்கிறதுக்கு அதுல எடமே இல்லங்க. காச்சுறவ கையி தப்பா இருந்தா அப்பிடியே தெரிஞ்சிரும்."

காச்சுறவ என்றுதான் சொன்னாய். நான் கவனிக்கவில்லை.

நான் படித்தவன் அல்லவா, விளக்கினேன். சோளத்தில் இருப்பது மாப்பொருள், சீனி இல்லை. ஈஸ்ட்டுக்கு மாப்பொருளைத் தின்னத் தெரியாது. சோள மாவைக் கஞ்சியாய் வேகவைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, முளைவிட்ட வாற்கோதுமையை அதில் கலக்க வேண்டும். முளையில் இருக்கிற நொதியம் மாப்பொருளைச் சீனியாக வெட்டும். நீ நின்றுவிட்டாய். வாத்து ஒன்று கரையேறிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தபடியே கேட்டாய்.

"அப்போ கரண்டி நிக்கிற அளவு கெட்டியா இருக்கிற கஞ்சி, கொஞ்ச முளையைப் போட்டதும் இளகி, இனிச்சிருமா? நெருப்பு கூட்டாம, சீனி போடாம?"

"ஆமா. ஒரு மணித்தியாலம் போதும்."

"நீங்க இத எவ்ளோ சாதாரணமா சொல்றீங்க" என்றாய். உன் குரலில் குறை இல்லை, நம்ப முடியாத சந்தோசம் இருந்தது. அன்றைக்கு முதல் தடவையாக எனக்கும் அது சாதாரணமாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் படுத்து போனில் அந்த ஊர்களைப் பார்த்தோம். கென்டக்கி, டென்னசி, அதற்குக் கிழக்கே நீளமாய் ஓடுகிற மலைத்தொடர். மலைக்கும் மலைக்கும் இடையில் ஒடுங்கிய பள்ளத்தாக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஓடை. கென்டக்கியில் பல இடங்களில் அடியில் சுண்ணாம்புக் கல். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி வரும்போது இரும்பை விட்டுவிட்டு வருகிறது. இரும்பு கலந்த தண்ணீரில் விஸ்கி கறுத்துக் கெட்டுப்போகும். "கல்லு வடிகட்டிக் குடுக்குதா!" என்று என் தோளில் அடித்தாய். படத்தைப் பெரிதாக்கி ஒரு தகரக் கூரையைக் காட்டினாய். "இது எங்கம்மா இருக்கிற பன்வில தோட்டம் மாதிரியே இருக்கு பாருங்க. தேயிலதான் இல்ல."

யார் காய்ச்சுகிறார்கள் என்பதையும் தேடித் தேடிச் சொன்னாய். மாடி மாடியாய் உயர்ந்த உருக்குக் கோபுரம் வைத்து இரவு பகலாய் வடிக்கிற பெரிய கம்பனிகள். தன் காணியில் விளைந்ததைத் தன் செம்புப் பானையில் காய்ச்சுகிற சிறிய குடும்பங்கள். மலைப் பாதையில் சோள மூட்டையைக் கழுதையில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாமல், பாரத்தைக் குறைக்கவே காய்ச்சத் தொடங்கிய பழைய விவசாயிகள். வரி வந்த பிறகு ஓடைக்கரைப் புதருக்குள் ஒளிந்து காய்ச்சியவர்கள். இன்னும் ஒன்று சொன்னாய். அந்தக் காலத்தில் பல பண்ணைகளில் பானைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அடிமையாக வைத்திருந்த கறுப்பின மனிதர்கள். எப்போது அடுப்பைத் தணிக்க வேண்டும், எதை ஊற்றிவிட வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். போத்தலில் இருந்தது பண்ணைக்காரன் பெயர்.

"காச்சினவங்க பேரே இல்லாம போயிருச்சு. ஆனா அந்த ருசி அவங்களுது" என்றாய். பிறகு வீடு வரும்வரை பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

ரூத் வந்தது மழைக் காலத்தில். கடுகண்ணாவைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடியிருந்ததால், கொழும்புக்குத் திரும்ப இருந்த சுற்றுலாக் கூட்டம் ஒரு நாள் முழுக்க ஹோட்டலில் அடைபட்டுக் கிடந்தது. அதில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அமெரிக்க அம்மா. தடித்த விரல்கள், வெயிலில் வெந்த கழுத்து. சோள விஸ்கி இருக்கிறதா என்று பாரில் கேட்டிருக்கிறார். அவர்கள் உன்னிடம் அனுப்பினார்கள். நீ தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாய், பழக்கத்தில் பின்பக்கத்தைத் திருப்பி வாசித்தாய். அந்த அம்மா சத்தமாய்ச் சிரித்தார். தானும் அப்படித்தான் வாசிப்பதாகச் சொன்னார். கென்டக்கி மலையடிவாரத்தில் தன் காணிச் சோளத்தைத் தானே காய்ச்சுகிறவர் என்று சொன்னார். உன் கண் விரிந்ததை நான் பொய்லர் அறைக் கதவிலிருந்து பார்த்தேன்.

அவர் என் பக்கமும் வந்தார். யந்திரம் எதைக் கண்டாலும் நின்று பார்க்கிற ஆள். திரும்பி வரும் வெந்நீர்க் குழாயில் புறங்கையை ஒரு நொடி வைத்து எடுத்தார். "இந்தச் சூட்டில்தான் என் பானை பேசத் தொடங்கும்" என்றார். நான் வெப்பமானியைப் பார்த்தேன். எழுபத்தொன்பது பாகை. மதுசாரம் கொதிப்பது எழுபத்தெட்டில். நான் அசந்துபோய் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. அந்தப் புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு நீங்கள் இருவரும் களஞ்சிய அறையில் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். மதியம் கடந்தும் பேச்சு முடியவில்லை. நான் கருவிப் பெட்டியை எடுக்க வந்தபோது பேசிக்கொண்டிருந்தது நீ. அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அமெரிக்கக்காரிக்கு இவள் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

போகும் வழியில் கேட்டேன். "என்னா அப்பிடி பேசினீங்க அவ்ளோ நேரம்?"

"பொம்பளைங்க பேச்சு அண்ணே, ஒங்களுக்கு எதுக்கு?"

நான் சிரித்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

நாலு மாதத்தில் டெங்கு. ஒவ்வொரு இரத்தச் சோதனை வந்தபோதும் பிளேட்லெட் எண்ணிக்கையைக் குறித்து, சேவை அறிக்கைத் தாளின் பின்னால் கோடு வரைந்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். கோடு கீழே போனது. ஏழாம் நாள் வரைய ஒன்றும் இல்லை. அதன் பிறகு நடந்தவற்றை நான் செய்தேன். செய்தது நான் என்ற நினைவு இல்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் பன்வில தோட்டத்தில் உன் அம்மா வீட்டில் படையல். உனக்குப் பிடித்ததை வாங்கி வரச் சொன்னார்கள். கடையில் நின்றேன். ஒன்றும் வரவில்லை தலைக்குள். மஞ்சள் சோடா, சொக்லட் பிஸ்கட், கோழிப் பொரியல் என்று வாங்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் இலையில் பரப்பிய பிறகு அத்தை என்னைப் பார்த்தாள். கோபம் இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்.

"இதெல்லாம் ஒங்களுக்குப் புடிச்சது மாப்ள."

உண்மை. ஒவ்வொன்றும் எனக்குப் பிடித்தது. நீ எனக்காக வாங்கி வந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவை. நாலு வருடம் உன்னோடு இருந்தவனுக்கு உன் இலையில் என்ன வைப்பது என்று தெரியவில்லை. அந்த வெட்கம் மட்டும்தான் அந்த நாட்களில் எனக்கு உறைத்தது.

வருடப் படையல் நெருங்கும்போதுதான் உன் பழைய மேலாளரின் அழைப்பு வந்தது. யாழ்ப்பாணத்து மனுசன், போனிலேயே தயங்கித் தயங்கிப் பேசினார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. உங்கட மனிசின்ர பேருக்கு ஒரு சாமான் வந்து கிடக்கு. அமெரிக்காவிலயிருந்து வந்த ஒரு பயணி கொண்டந்து குடுத்தவர். எனக்கு அவருக்குச் சொல்ல வாய் வரேல்ல. நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போறீங்களோ?"

அந்தச் சாமான்தான் மேசையில் இருந்தது. தோலை முழுவதும் அவிழ்த்ததும் போத்தல் தெரிந்தது. உள்ளே தண்ணீர் போல ஒன்று, ஆனால் அசைத்தால் தண்ணீரை விடக் கொஞ்சம் சோம்பலாக அசைந்தது. நானும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பினேன். அச்சு இல்லை, கையெழுத்து. காய்ச்சியவர்: ரூத். கழுத்தில் ஒரு சின்ன அட்டை. ஆங்கிலத்தில் மூன்று வரி.

"சொன்னபடி அனுப்புகிறேன். இது உனக்கு இல்லை, உன் அம்மாவுக்கு. காய்ச்சுகிற ஒருத்தி, காய்ச்சிய இன்னொருத்திக்கு."

நான் அதை நிறையத் தடவை வாசித்தேன். சொற்களில் சிக்கல் இல்லை. எனக்குத்தான் ஏறவில்லை. உன் அப்பா, மாமா, கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் குடித்தே செத்தவர். அத்தை சாராயம் குடித்தவனை வாசற்படி ஏறவிடாதவள். நீ ஹோட்டலில் போத்தல் அறையில் வேலை செய்ததைக்கூடத் தோட்டத்து லய வீடுகளில் "சாமான் ரூம்ல வேல" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். அவள் காய்ச்சினாளா? அதை நீ எங்கேயோ இருந்து வந்த ஒரு மனுசியிடம் சொன்னாய். என்னிடம் சொல்லவில்லை.

நாலு நாள் அந்தப் போத்தல் அலுமாரியில் இருந்தது. கொடுத்தால், உன் அம்மா வாழ்நாள் முழுக்கப் பொத்தி வைத்ததை மருமகன் தெரிந்துகொண்டான் என்று ஆகும். அதுவும் உன் படையல் நாளில். எனக்கென்று மிஞ்சியிருக்கிற ஒரே வாசல் அது, அதுவும் அடைபடலாம். கொடுக்காவிட்டால், நீ ஆரம்பித்து வைத்த கடைசிக் காரியம் என் அலுமாரியிலேயே நின்றுபோகும். ஒரு தடவை உன் இலையில் பிழை விட்டவன். இன்னொரு பிழைக்கு எனக்குத் தெம்பில்லை.

வத்தேகம வழியாகப் பன்வில போகிற பஸ்ஸில், போத்தலைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். அப்போதும் முடிவு இல்லை.

இந்த முறை வெறுங்கையோடு வரச் சொல்லியிருந்தாள் அத்தை. அவளே சமைத்திருந்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கு, மிளகாய் இடித்த கட்டச் சம்பல், இஞ்சி தட்டிப் போட்ட, பாலும் சீனியும் இல்லாத பிளேன்டி. இலையைப் பார்த்ததும் உன்னைப் பார்த்தது போல இருந்தது. சொந்தக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார்கள், அதுவரை நாங்கள் இருவர். விளக்கேற்றி, கும்பிட்டு, நீ வந்து சாப்பிட்டுப் போவதற்காகக் படையல் வைத்த காம்பராக் கதவைச் சாத்திவிட்டு வெளிப்படியில் உட்கார்ந்தோம். பத்து மணி வெயில். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று எங்கள் காலடியில் கிளறிக்கொண்டிருந்தது.

பையைத் திறந்தேன்.

"அத்த, இது வந்திருக்கு. அவ பேருக்கு. ஆனா ஒங்களுக்குத்தான்."

துவாய் விலகியதும் அவள் முகம் கல்லாகிவிட்டது.

"என்னாது, சாராயமா?"

"அமெரிக்காவிலருந்து அத்த..."

"எங்கிருந்து வந்தா என்னா? எம் புள்ளைக்குப் படையல் போட்டுக் கதவச் சாத்திருக்கேன், எம் வாசல்ல கொண்டாந்து வெக்கிறீங்களே மாப்ள! இன்னிக்கா? போயி அந்தக் கானுல ஊத்துங்க."

நான் எழுந்துவிட்டேன். சொன்னதைச் செய்கிறவனாகத்தான் இந்த ஒரு வருடம் இருந்திருக்கிறேன். கழிவுத் தண்ணீர் ஓடுகிற கான் ஐந்தடி தூரத்தில் இருந்தது. மூடியில் கை வைத்த பிறகுதான் நின்றேன்.

"ஊத்திடறேன் அத்த. அதுக்கு முன்ன இதுல எழுதியிருக்கிறத வாசிச்சிடறேன். ஒங்களுக்கு எழுதினது."

வாசித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசி வரியைச் சொல்லும்போது அவளைப் பார்க்காமல் கோழியைப் பார்த்தேன்.

பிறகு கேட்டாள். "அவ சொன்னாளா?"

"அந்த அம்மாகிட்ட சொல்லிருக்கா. எங்கிட்ட சொல்லல."

"ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்லுவா?" என்றாள். கேலியும் இல்லை, குற்றமும் இல்லை அதில். "கசிப்பு காச்சுறவங்கள எல்லாம் புடிச்சி உள்ள போடணும்னு இதே படியில ஒக்காந்து சொன்னவர்தானே நீங்க."

சொன்னேன். கல்யாணமான முதல் தீபாவளி. தோட்டத்தில் பொலீஸ் வந்து போயிருந்தது, அதைப் பற்றி யாரோ பேசினார்கள், நான் படித்த மாப்பிள்ளையாகக் கருத்துச் சொன்னேன். நீ உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டாய். அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அத்தை போத்தலை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தாள்.

"எங்க காச்சுனது இது?"

சொன்னேன். நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். மலை, சுண்ணாம்புக் கல், இரும்பை விட்டுவிட்டு வருகிற தண்ணீர், பனிக் காலத்தில் உறைந்துபோகிற ஓடை, செம்புப் பானை, முளையைப் போட்டதும் இனிக்கிற கஞ்சி. ஒரு வருடத்தில் நான் அவ்வளவு பேசியதில்லை. வாய் வலித்தது.

"யாரு காச்சுனது?"

திருப்பிக் காட்டினேன். "காய்ச்சியவர், ரூத்."

"பேரப் போட்டுருக்காளா?" அவளுக்கு எழுத்துத் தெரியாது. விரலால் அந்தக் கையெழுத்தைத் தடவினாள். "வெளிப்படையாவா? பொலீஸ் வராதா?"

"லைசன் இருக்கு அத்த."

"பொம்பளைக்கா?"

"பொம்பளைக்குத்தான்."

"அடி ஆத்தே" என்றாள், மூச்சு மாதிரி.

பிறகு அவளாகவே சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ ஆறாம் வகுப்பு படித்த வருடம் தோட்டத்தில் வேலை நின்றுபோனது. மாமா கொழும்புக்குப் போய்விட்டார், செய்தி இல்லை. தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஓடை. அங்கே பாறை இடுக்கில் அத்தை தகர டின்னை வைத்து, சீனியும் அன்னாசித் தோலும் ஊறவைத்துப் புளித்த கோடாவைக் காய்ச்சினாள். விடியற்காலையில் மூடுபனி இருக்கிற நேரத்தில் மட்டும்.

"பனியில பொகை தெரியாது மாப்ள. பனி வெலகிருச்சின்னா அடுப்ப அணைச்சிருவேன், பாதியில நின்னாலும் சரி."

"சூடு எப்பிடித் தெரியும்? கூடிப்போனா தண்ணியும் சேந்து வந்திருமே?"

அவள் புறங்கையைக் காட்டினாள். "கொழாயில இப்பிடி வெச்சிப் பாப்பேன். டின்னு முனகும். முனகுற வரைக்கும் சரி. கத்த ஆரம்பிச்சா வெறகை இழுத்திரணும்."

மாமி, அத்தை, அம்மா என்று உலகத்தில் எத்தனை கைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் வெப்பமானி, அழுத்தமானி, அபாய மணி எல்லாம் பூட்டிய பிறகும் நிம்மதியில்லாமல் நிற்கிறவன். இவள் எழுத்துத் தெரியாமல், பள்ளிக்கூடம் போகாமல், நீர் கொதிப்பதற்கும் மதுசாரம் கொதிப்பதற்கும் இடையில் இருக்கிற இருபத்திரண்டு பாகையைத் தோலால் அளந்திருக்கிறாள். ஆவியை ஆறவைக்க ஓடைத் தண்ணீரின் குளிரைக் கணக்கில் எடுத்திருக்கிறாள். மூடுபனியைப் புகைக்கு மூடியாக வைத்திருக்கிறாள்.

"அவ?" என்று கேட்டேன்.

"அவதான் காவலு. மேல பாறையில ஒக்காந்து சத்தம் போட்டுப் பாடம் படிப்பா. தமிழ்ப் பாடம் கேட்டா ஒண்ணும் பயமில்ல. இங்கிலீஸ் பாடத்துக்கு மாறுனான்னா தோட்டத்துக் காவலுக்கு இருக்கிற வாச்சர் வர்றான்னு அர்த்தம்." சிரிப்பு வந்தது அவளுக்கு. ஒரு வருடத்தில் முதல் தடவை. "அந்த வாச்சரு நாளைக்கு நாலு தடவ வருவான். எம்புள்ள இங்கிலீஸ் அப்பிடித்தான் படிச்சா."

ரூத்தோடு தடங்கலில்லாமல் பேசிய உன் ஆங்கிலம். நான் டியூசன் என்று நினைத்திருந்தேன்.

சிரிப்பு நின்றது. போத்தலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல வர்றது வெசம் மாப்ள. ஒரு சிரட்டை நெறைய ஊத்திருவேன். மத்தவங்க ஊத்த மாட்டாங்க, நட்டம்னுவாங்க. ஒங்க மாமா திரும்பி வந்து குடிச்சது நான் காச்சினது இல்ல. நான் டின்ன ஒடைச்சுப் போட்ட பொறகு, வேற எடத்துல குடிச்சுத்தான் போனாரு. ஆனா நான் காச்சினத வாங்கிக் குடிச்சவங்களும் இந்த லயத்துலதான் இருந்தாங்க. அவங்க பொண்டாட்டியும் அழுதிருப்பாதானே. யாருகிட்டப் போயி நான் வேற, அவன் வேறன்னு சொல்றது? அதான் வாய மூடிக்கிட்டேன். எம்புள்ளையையும் மூடிக்கிடச் சொன்னேன்."

நீ மூடிக்கொண்டாய். பதினைந்து வருடத்துக்கு மேல். ஆனால் அந்தக் களஞ்சிய அறையில் ஒவ்வொரு போத்தலையும் திருப்பித் திருப்பி, ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருந்திருக்கிறாய். கடைசியில் ஒருத்தி நேரிலேயே வந்தாள். அவளிடம் உன் அம்மாவைப் பற்றிச் சொன்னாய். அவமானமாகச் சொல்லவில்லை என்பது அந்த அட்டையிலேயே தெரிகிறது. அவமானமாகச் சொல்லியிருந்தால் யாரும் "இன்னொருத்திக்கு" என்று எழுத மாட்டார்கள். முழங்காலில் தொப்பியை வைத்துக்கொண்டு அந்த அம்மா வாயடைத்துக் கேட்டது இதைத்தான்.

என்னிடம் சொல்லாதது வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வலித்தது என்பதே எனக்குப் புதிது. ஒரு வருடமாக மரத்துக் கிடந்த இடம் அது.

அத்தை மூடியைத் திருகினாள். கானுக்குப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டாள். இரு கையையும் சேர்த்துத் தேய்த்தாள், வேகமாக, சூடேறும் வரை. பிறகு கைகளைக் கிண்ணம் போலக் குவித்து முகத்தை அதற்குள் வைத்தாள். கண் மூடியிருந்தது. ஒரு பரீட்சைத் தாள் திருத்தப்படுவதைப் பார்ப்பது போல இருந்தது. கென்டக்கியில் ஒரு மனுசி தன் பெயரை எழுதி அனுப்பியதை, பன்வில லயத்துப் படியில் இன்னொரு மனுசி பரிசோதிக்கிறாள்.

முகத்தை எடுத்தாள்.

"மொத வடியைச் சரியா வெட்டிருக்கா" என்றாள். "பதட்டமே இல்லாம காச்சிருக்கா. கெட்டிக்காரி."

நாக்கில் வைக்கவில்லை. மூடியை இறுக்கித் திருகி எழுந்தாள். கதவைத் திறந்து உள்ளே போய், போத்தலை உன் படத்துக்குப் பக்கத்தில், பிளேன்டிக் கோப்பைக்கும் கிழங்குக்கும் நடுவில் வைத்தாள். திரும்பி வந்து மறுபடியும் கதவைச் சாத்தினாள்.

"இன்னங் கொஞ்சம் நேரம் குடுப்போம் அவளுக்கு" என்றாள்.

படியில் மறுபடியும் உட்கார்ந்தோம். அவள் கையிலிருந்து சோள வாசம் வந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"மாப்ள, அந்தப் பொம்பளைக்கு எழுதணும். அவ என்னா வெறகு போடுறா, கேளுங்க. எந்த நேரத்துல அடுப்ப மூட்டுறா? ஆறவெக்கிற தண்ணி ஓடையா, கெணறா? பனிக் காலத்துல ஓடை உறைஞ்சி போகும்னீங்களே, அப்ப என்னா செய்வா? செம்புப் பானைல ஏன் காச்சணும், தகரத்துல காச்சினா என்னா? கஞ்சி புளிச்சது போதும்னு அவளுக்கு எப்பிடித் தெரியும், நொரையப் பாத்தா, காதால கேட்டா? எல்லாத்தையும் எழுதுங்க."

"எழுதுறேன் அத்த. ஆனா அவ இல்லைங்கிறதையும் எழுதணும். அந்த அம்மாவுக்குத் தெரியாது."

"ஆமா" என்றாள். "அதையும் எழுதணும்."

நான் அதுவரை அதை யாருக்கும் எழுதியதில்லை. உன் ஹோட்டலுக்கு, வங்கிக்கு எல்லாம் மரணச் சான்றிதழின் பிரதியைக் கொடுத்தேன், அது பேசியது. இந்த வாரம் மஹய்யாவ மேசையில் உட்கார்ந்து ரூத்துக்கு எழுதினேன். நீ போய்விட்டாய் என்பது ஆங்கிலத்தில் மூன்று சொல். அதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்து எழுந்து போய், முகம் கழுவி, அழுது, மறுபடியும் முகம் கழுவி வந்தேன். அதற்குப் பிறகு அத்தையின் கேள்விகள். அவை ஐந்து பக்கம் வந்தன. சிலதற்குப் படமும் போட்டேன், பாறை இடுக்கு, டின், குழாய், ஓடை. அளவுகளை அத்தையிடம் போனில் கேட்டுக் கேட்டுக் குறித்தேன். கடைசித் தாளில், காய்ச்சியவர் என்று எழுதி, உன் அம்மாவின் பெயரை முழுதாக எழுதினேன். எழுதட்டுமா என்று முதலில் அவளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எழுதுங்க, தூரத்து ஊருதானே" என்றாள்.

அட்டையின் பின்னால் இருந்த முகவரியை எழுதி, நேற்றுத் தபால் கந்தோரில் சேர்த்துவிட்டேன். செம்பு ஏன் என்பதற்கு எனக்கு விடை தெரியும். கொதிக்கும்போது எழுகிற கந்தகத்தைச் செம்பு பிடித்துக்கொள்ளும். படியிலேயே சொல்லியிருக்கலாம், வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அதை அவள் ரூத்திடமிருந்தே கேட்கட்டும். பதில் வந்ததும் கொண்டுபோய், வரிக்கு வரி தமிழில் சொல்ல வேண்டியது என் வேலை. நீ இருந்திருந்தால் நீ செய்திருக்கக்கூடிய வேலை. உன்னைவிட மெதுவாகத்தான் சொல்வேன். அவள் பொறுத்துக்கொள்வாள்.